“குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்கா?” என்ற கேள்வி போதாது

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே நிதானமா படிங்க.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒருவருக்கு சிறுநீரகத்தில் கட்டி. சிடி ஸ்கேன் பார்த்தால் புற்றுநோய் போலத் தெரிகிறது. அட்மிஷன் போடும்போது கேஸ் ஷீட்டில் “குடும்ப வரலாறு” என்று ஒரு கட்டம் இருக்கும். “குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்கா?” என்று கேட்கப்படும். “அதெல்லாம் எங்க வீட்டுல யாருக்கும் இல்ல சார்” என்று பதில் வரும். “குறிப்பிடும்படி எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். மொத்தமே பத்து செகண்ட் வேலை.

அந்தப் பத்து செகண்டில்தான் ஒரு அரிய வகை சிறுநீரகப் புற்றுநோய் நம் கையை விட்டு நழுவுகிறது என்பது என் கருத்து. நோயாளி பொய் சொல்லவில்லை. டாக்டருக்கும் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கேள்விதான் தப்பு.

ஏன் தப்பு? ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கட்டி வந்தவருக்கு வயது 36. அவருடைய அம்மாவுக்கு 29 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். “கட்டி இருந்துச்சு, உதிரப்போக்கு நிக்கல, அதான் எடுத்துட்டாங்க.” அக்காவுக்கு 32 வயதில் கர்ப்பப்பை முழுக்க ஃபைப்ராய்டு, ஆபரேஷன் ஆகிவிட்டது. இவருக்கோ தோள்பட்டையிலும் முதுகிலும் பத்துப் பதினைந்து சின்னச் சின்ன உருண்டைகள். தோல் நிறத்தில் அல்லது கொஞ்சம் பழுப்பாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். ஏசி காற்று பட்டாலோ, காலையில் பச்சைத் தண்ணி ஊற்றினாலோ சுரீர்னு வலிக்கும். ‘சூட்டுக் கொப்புளம்’னு விட்டிருப்பார்.

இதில் ஒன்றுகூட கேன்சர் இல்லை. அதனால் “குடும்பத்துல கேன்சர் இருக்கா?” என்றால் “இல்லை” என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அம்மாவின் கர்ப்பப்பை, அக்காவின் கர்ப்பப்பை, இவர் முதுகில் உள்ள உருண்டை, சிறுநீரகத்தில் உள்ள கட்டி, நான்கும் ஒரே மரபணுப் பழுதின் நான்கு முகங்களாக இருக்கலாம்.

இதற்கு எச்எல்ஆர்சிசி என்று பெயர். பரம்பரையாக வரும் லியோமயோமாவும் சிறுநீரகப் புற்றுநோயும் சேர்ந்த நோய் என்று விரிக்கலாம். லியோமயோமா என்றால் மென்தசையில் உருவாகும் சாதாரணக் கட்டி. கர்ப்பப்பையில் வந்தால் அதையே ஃபைப்ராய்டு என்கிறோம். தோலில், முடி சிலிர்க்க வைக்கும் குட்டித் தசையிலிருந்து வருவதுதான் அந்த வலிக்கிற உருண்டை. குளிரில் அந்தத் தசை சுருங்கும், அதான் வலி.

தோல் உருண்டைகளும் கர்ப்பப்பைக் கட்டிகளும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை ரீட் என்ற மருத்துவரும் சகாக்களும் 1973லேயே எழுதிவிட்டார்கள். சிறுநீரகப் புற்றுநோயும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது என்பது 2001ல் பின்லாந்து குடும்பங்களை ஆராய்ந்தபோது தெளிவானது. அடுத்த வருஷமே, 2002ல், காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் எஃப்எச், ஃபியூமரேட் ஹைட்ரடேஸ். 2022ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாட்டில் “எஃப்எச் குறைபாடுள்ள சிறுநீரகப் புற்றுநோய்” என்று இதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இதில் பெரும்பகுதி “பாப்பில்லரி டைப் 2” என்ற பொது மூட்டைக்குள்தான் கிடந்தது.

பிளஸ் டூவில் பயாலஜி படித்தவர்களுக்கு கிரெப்ஸ் சுழற்சி ஞாபகம் இருக்கும் (மனப்பாடம் பண்ணி மறந்தவர்கள் கை தூக்கலாம், நானும் தூக்குகிறேன்). சாப்பிட்ட சாப்பாட்டை செல் எரிபொருளாக மாற்றும் வரிசை அது. அதில் ஃபியூமரேட் என்ற பொருளை மாலேட்டாக மாற்றுகிற வேலைக்காரர்தான் இந்த எஃப்எச்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி வாளியை அனுப்புகிறார்கள். நடுவில் ஒருத்தர் எழுந்து போய்விட்டால் அவருக்கு முன்னால் வாளி குவியும். இங்கே குவிவது ஃபியூமரேட். அது அளவுக்கு மீறிக் குவிந்தால், ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே செல் “ஐயோ ஆக்சிஜன் இல்லை” என்று நினைத்துக்கொள்ளும். புது ரத்தக் குழாய்களை இழுக்கும், சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கும். புற்றுநோய்க்கு வேண்டிய சூழல் இதுதான்.

நம் எல்லோருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா ஒன்று, அப்பா ஒன்று. இந்தக் குடும்பத்தில் பிறப்பவருக்கு ஒன்று பழுது. மீதி ஒன்று வேலையைச் சமாளித்துவிடும். என்றைக்காவது சிறுநீரகத்தில் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டால், கட்டி அங்கிருந்து ஆரம்பிக்கும். பழுதைச் சுமக்கும் எல்லோருக்கும் இது நடக்காது. வாழ்நாளில் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் என்கிறார்கள். பெண்களாக இருந்தால் ஃபைப்ராய்டு அதைவிட ரொம்ப அதிகம் பேருக்கு, ரொம்பச் சின்ன வயதில் வந்துவிடும்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன், ஏனென்றால் இன்பாக்ஸ் நிரம்பப் போகிறது.

ஃபைப்ராய்டு இருக்கும் பெண்கள் யாரும் பயப்பட வேண்டாம். ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் அது வருகிறது. அதில் ஆகப் பெரும்பாலானோருக்கு இந்த மரபணுவோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் சொல்வது இருபதுகளில், முப்பதுகளின் தொடக்கத்தில், நிறைய கட்டிகள், ஒரே குடும்பத்தில் ரெண்டு மூணு பேர், கூடவே தோலில் வலிக்கும் உருண்டை அல்லது ரத்த சொந்தத்தில் சிறுநீரகப் புற்றுநோய் என்று சேர்ந்து வரும் குடும்பங்களைப் பற்றி மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதைக் கண்டுபிடிப்பதால் என்ன லாபம்? எப்படியும் கட்டியை எடுக்கத்தானே போகிறார்கள்?

எப்போது, எப்படி எடுப்பது என்பதே மாறிவிடும். சிறுநீரகத்தில் சின்னக் கட்டி என்றால், பல சமயம் அவசரப்படாமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம். விஎச்எல் என்ற இன்னொரு பரம்பரை நோயில் கட்டி 3 சென்டிமீட்டர் ஆகும் வரை காத்திருப்பதே வழக்கம். ஆனால் எஃப்எச் கட்டியில் காத்திருக்கவே கூடாது. அளவு சின்னதாக இருக்கும்போதே நிணநீர் முடிச்சுக்குப் பரவும் குணம் அதற்கு உண்டு. “1.5 சென்டிமீட்டர்தானே, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்” என்பது மற்ற கட்டிக்கு நல்ல அறிவுரை. இதற்கு அது ஆபத்து. சில சமயம் ஸ்கேனில் நீர்க்கட்டி மாதிரி, உள்ளே ஒரு சின்ன முண்டோடு தெரியும். “வெறும் சிஸ்ட்” என்று ஏமாந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

மருந்தும் மாறும். பரவிய பிறகும் வழி இருக்கிறது. அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் பெவாசிசுமாப் என்ற ஊசியையும், நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் எர்லோடினிப் மாத்திரையையும் சேர்த்து இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அதே மருந்து, இந்தப் பரம்பரைப் பழுது இல்லாத பாப்பில்லரி வகைக்கு அந்த அளவு கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் நோயின் சரியான பெயர் இல்லையென்றால் இந்த யோசனையே யாருக்கும் வராது.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். கட்டி வந்தவருக்கு ஒரு தம்பி, இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தப் பழுது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. இந்தக் குடும்பங்களில் பத்து, பதினோரு வயதிலேயே புற்றுநோய் வந்த பிள்ளைகள் உண்டு. அதனால் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் இந்தக் கண்காணிப்பைத் தொடங்கச் சொல்கிறார்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் இதற்குப் போதாது, சின்னக் கட்டியை அது தவறவிடும். கடுகளவில் பிடித்து எடுத்துவிட்டால் அந்தத் தம்பி பிழைத்துக்கொள்வார். யாரும் சொல்லாமல் விட்டால் அவரும் ஒருநாள் சிறுநீரில் ரத்தம் என்று அதே ஓபிக்கு வருவார். அப்போதும் கேஸ் ஷீட்டில் அதே பத்து செகண்ட் கேள்விதான்.

இப்போது, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எம்பிபிஎஸ் டாக்டர். நோய்க்கூறியல் நிபுணர் இல்லை, மரபணு நிபுணரும் இல்லை. எங்கள் கையில் இருப்பது கேள்வியும் பேனாவும்தான். ஆனால் இந்த நோயில் அந்த இரண்டுக்கும் பெரிய வேலை இருக்கிறது.

எடுத்த சிறுநீரகத்தை பயாப்சிக்கு அனுப்பும்போது ஒரு படிவம் கூடப் போகும். அதில் “நோயாளியின் விவரம்” என்ற இடத்தில் பெரும்பாலும் “சிறுநீரகக் கட்டி” என்று இரண்டே வார்த்தை இருக்கும். அந்தப் பக்கம் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருப்பவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அந்த இரண்டு வார்த்தைதான் நோயாளி. “வயது 36, தாய்க்கு 29 வயதில் ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பை நீக்கம், முதுகில் வலியுள்ள தோல் கட்டிகள்” என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டால் அவர் அந்த ஸ்லைடைப் பார்க்கும் விதமே மாறும். செல்லின் உட்கருவுக்குள் பெரிதாக, சிவப்பாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம், இந்த அடையாளத்தைத் தேடுவார்.

தேடிக் கிடைத்தால் அடுத்தது ஒரு சிறப்புச் சாயப் பரிசோதனை. எஃப்எச் புரதம் இருக்கும் இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும். ஸ்லைடில் பக்கத்து ரத்தக் குழாய் பழுப்பாக இருக்க, கட்டி மட்டும் வெளிறிப்போய் நின்றால், அந்தச் செல்களில் எஃப்எச் இல்லை என்று அர்த்தம். சில குடும்பங்களில் புரதம் உருவாகும், ஆனால் வேலை செய்யாது. அங்கே இந்தச் சாயம் ஏமாற்றும். குவிந்த ஃபியூமரேட் விட்டுப்போகும் தடத்தைக் காட்ட, 2எஸ்சி என்று இன்னொரு சாயம் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. பழுது கட்டிக்குள் மட்டும் வந்ததா, பிறப்பிலேயே வந்ததா என்பதை அதுதான் சொல்லும். குடும்பத்தைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பதும் அதை வைத்துத்தான்.

ஆக, விலை உயர்ந்த மரபணுப் பரிசோதனை கடைசிப் படி. முதல் படி ஓசி. “வீட்டுப் பெண்கள் யாருக்காவது நாற்பது வயதுக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்தாங்களா? என்ன காரணம்?” இந்தக் கேள்விக்கு ஆகும் செலவு ஒரு மூச்சு.

“சிறுநீரகத்துக்கு வந்த ஆம்பளைகிட்ட எதுக்கு சார் கர்ப்பப்பையைப் பத்திக் கேக்கணும்?” என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கலே. இது ஆண் பெண் இருவர் வழியாகவும் வரும். அப்பா சுமந்தால் அவரிடம் கர்ப்பப்பை இல்லை. முதுகில் நாலு உருண்டை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. தடயம் அத்தைகளிடம் இருக்கும். ஆனால் பெண்கள் நோய் என்றால் நாம் அம்மா வழியை மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். அத்தைக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று பல ஆண்களுக்குத் தெரியாது. வீட்டில் அது கிசுகிசுப்பான பேச்சு. “வயித்துல ஒரு ஆபரேஷன்” என்பதோடு முடிந்துவிடும். அதனால் ஓபியில் நோயாளியைவிட கூட வந்த அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்பது நல்லது. ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்றால் இன்னும் நல்லது.

நம் ஊருக்கு இன்னொரு கோணமும் உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் இருவருமே ஒரே பழுதைச் சுமந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாகப் போக நாலில் ஒரு வாய்ப்பு. அப்போது வருவது கட்டி இல்லை. குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைபாடு என்று வரும் ஃபியூமரேஸ் குறைபாடு என்ற கடுமையான நோய். இந்த மரபணு ஓடும் குடும்பம் என்று தெரிந்தால், கல்யாணப் பேச்சுக்கு முன்னாலேயே ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடலாம்.

இந்த இடத்தில் சிலர் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். “ஒரு நாளைக்கு 150 ஓபி பாக்குறோம். லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்க்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் வம்ச வரலாறு கேக்க முடியுமா?” நியாயமான கேள்வி. எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. 46 வயது அல்லது அதற்குக் கீழே சிறுநீரகப் புற்றுநோய் வந்தவரிடம் கேளுங்கள். இரண்டு சிறுநீரகத்திலும், அல்லது ஒன்றிலேயே பல கட்டி இருந்தால் கேளுங்கள். அந்த 46 என்ற எல்லை நான் போட்டதல்ல, அமெரிக்க வழிகாட்டு நெறிமுறைகளே அந்த வயதுக்குள் வந்தால் மரபியல் ஆலோசனைக்கு அனுப்பச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் ஒரு மருத்துவமனையில் மாதத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவு பேர்தான் வருவார்கள். அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்க முடியாத அளவுக்கு எந்த வார்டும் கிடையாது. கேட்டால் இந்த ஒரு நோய் மட்டும் இல்லை, விஎச்எல் போன்ற மற்ற பரம்பரை நோய்களும் அதே கேள்வியில் சிக்கும்.

அரசிடம் எனக்கு இரண்டு ஆசை. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இல்லாவிட்டாலும், மண்டலத்துக்கு ஒரு நோய்க்கூறியல் துறையிலாவது இந்த எஃப்எச் சாயம் கையிருப்பில் இருக்கட்டும். மற்ற ஊர்கள் ஸ்லைடை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, காப்பீடு என்பது நோய் வந்தவரின் ஆபரேஷனோடு நின்றுவிடக் கூடாது. பழுது உறுதியான குடும்பத்தில், இன்னும் நோய் வராத தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனையும் வருடாந்திர எம்ஆர்ஐயும் ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். பரவிய புற்றுநோய்க்கு மாதாமாதம் கொடுக்கும் மருந்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இனி உங்களுக்கு.

வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பையோ ஃபைப்ராய்டோ எடுத்தால், எடுத்த உறுப்பைக் கட்டாயம் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். தட்டில் வைத்துக் காட்டிவிட்டு “கட்டி எடுத்தாச்சு” என்று சொல்வதோடு முடித்துவிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. “சாதாரணக் கட்டிதான், எதுக்கு வீண் செலவு” என்பார்கள். விடாதீர்கள். சிறுநீரகத்தில் சொன்னேனே, அந்தச் சிவப்புப் புள்ளியும் வெள்ளை வளையமும், அதே அடையாளம் ஃபைப்ராய்டிலும் தெரியலாம். சிறுநீரகத்தில் கட்டி வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே குடும்பத்துக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் வாய்ப்பு அது.

ரிப்போர்ட்டைப் பத்திரம் பண்ணுங்கள். நகைப் பெட்டியில், பட்டாவோடு வையுங்கள், பரவாயில்லை. லேபில் அந்தச் சதையை மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். வருஷங்கள் கழித்தும் அதில் சாயம் போட்டுப் பார்க்க முடியும். பழைய ரிப்போர்ட்டில் இருக்கும் பயாப்சி எண்தான் அதைத் தேடி எடுக்கச் சாவி.

உங்கள் குடும்பத்தில் இளவயதில் கர்ப்பப்பை எடுத்தவர்கள், வலிக்கும் தோல் உருண்டை உள்ளவர்கள், சிறுநீரகக் கட்டி வந்தவர்கள் என்று சேர்ந்து இருந்தால், ஒரு தாளில் யார், எந்த வயது, என்ன ஆபரேஷன் என்று எழுதிக்கொண்டு யூராலஜி அல்லது தோல் நோய் ஓபிக்குப் போங்கள். ரத்த சொந்தம் மட்டும் எழுதினால் போதும். மருமகளுக்கு வந்த ஃபைப்ராய்டு இந்தக் கணக்கில் வராது. தோல் உருண்டையில் ஒன்றை எடுத்து பயாப்சி செய்வது பத்து நிமிஷ வேலை, பல சமயம் முதல் தடயம் அதில்தான் கிடைக்கும்.

கமெண்டில் ஸ்கேன் ரிப்போர்ட் போடாதீர்கள். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பொதுவான சந்தேகங்களைக் கேளுங்கள், டியூட்டி முடிந்து ராத்திரி பதில் எழுதுகிறேன்.